கடற்பசுவுக்கும் மனாட்டிக்கும் திருகோணமலைக்காரர் என்ன செய்ய முடியும்?

வாசகர் கேள்வி: 2025 பெப்ரவரி 3

"புளோரிடாவில் மனாட்டிகளைக் காப்பாற்றச் சாதாரண மக்கள் பலதும் செய்கிறார்கள் என்று படித்தேன். நமது கடலில் மனாட்டி கிடையாது. கடற்பசு உண்டு என்றாலும் அது மன்னார்ப் பக்கம். திருகோணமலையில் இருப்பவர்கள் இதில் செய்ய ஒன்றுமில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்."

2025 பெப்ரவரி 3, இரவு

மறுக்கிறேன்.

நான் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன். நிலாவெளி, உப்புவெளி, கிண்ணியா, மூதூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கடலில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாம் பட்டறை வாசலுக்கு வந்துவிடும்.

கடற்பசுவும் மனாட்டியும் நீரில் வாழ்ந்து புல் தின்னும் பாலூட்டிகள், ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் உலகத்தில் நான்கே இனங்கள் மிஞ்சியிருக்கின்றன. மூன்று மனாட்டிகள்: மேற்கிந்திய மனாட்டி, அமேசன் மனாட்டி, மேற்கு ஆபிரிக்க மனாட்டி. புளோரிடாவில் இருப்பது முதலாவதன் ஒரு கிளை. நான்காவது நமது கடற்பசு. மனாட்டியின் வால் அகப்பை போல வட்டமாக இருக்கும். கடற்பசுவின் வால் டொல்பினுடையது மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். மனாட்டி ஆற்றுக்குள்ளும் போகும், கடற்பசு கடலை விட்டு வராது. மற்றபடி இரண்டுக்கும் வாழ்க்கை ஒன்றுதான். புல் தின்ன வேண்டும், மூச்சுவிட மேலே வர வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போட வேண்டும்.

புளோரிடாவில் அவற்றைக் கொல்வதில் முன்னே நிற்பவை படகும் பட்டினியும். இங்கே வலையும் கத்தியும். வலையும் கத்தியும் மனிதர் கையில் இருப்பவை. அந்தக் கைகளுக்குக் காசு போகும் வழியில் திருகோணமலையும் இருக்கிறது. மீன் கூலர் லொறிகளுக்கு மாவட்ட எல்லை கிடையாது.

2025 பெப்ரவரி 4

ஒன்று விட்டுப்போனது. இலங்கையில் கடற்பசு, 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கொல்வதும் விற்பதும் குற்றம். "வலையில் தானாகச் செத்ததுதானே, வாங்கினால் என்ன" என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். செத்ததை வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்தது உயிரோடு சிக்கும்போது அவிழ்த்துவிட யாருக்கும் மனம் வராது.

2025 பெப்ரவரி 8

ஒரு வாசகர், எல்லா எஞ்சினிலும் தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியைச் சுற்றிக் கம்பிக்கூடு மாட்டிவிட்டால் புளோரிடாவின் சிக்கல் தீர்ந்துவிடாதா என்று கேட்கிறார். இது என் தொழில், ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

புளோரிடாவில் மனாட்டியின் முதுகில் விசிறி வெட்டிய தழும்பு அவ்வளவு சாதாரணம். ஆய்வாளர்கள் அந்தத் தழும்புகளின் அமைப்பைப் பார்த்துத்தான் ஒவ்வொரு மனாட்டியையும் அடையாளம் காண்கிறார்கள், பதிவேடு வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் யாருக்கும் முதலில் கம்பிக்கூடுதான் நினைவுக்கு வரும். ஆனால் தழும்பு இருக்கும் விலங்கு உயிர் தப்பிய விலங்கு. படகு மோதிச் செத்தவற்றில் பெரும்பங்கு வெட்டுக் காயத்தால் சாகவில்லை. படகின் அடிப்பாகமோ எஞ்சினின் கீழ்க்காலோ இடித்த இடியில் விலா உடைந்து உள்ளுக்குள் நொறுங்கிச் செத்தவை. விசிறிக்குக் கூடு மாட்டினாலும் இடி அப்படியே இருக்கும். வேகமாக ஓடும் படகில் கூடு தண்ணீரைத் தடுத்து எஞ்சினுக்குச் சுமையும் கூட்டும்.

வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து. மனாட்டி சாதாரணமாக மணிக்கு 5 முதல் 8 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். மெதுவாக வரும் படகுக்கு அது விலகும், வேகமாக வருவதற்கு விலக நேரமில்லை. புளோரிடாவில் மனாட்டி கூடும் இடங்களில் பலகை நட்டு வேக எல்லை வைத்திருக்கிறார்கள். படகோட்டிகள் தண்ணீரின் கண்கூச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளும்படியும் சொல்லப்படுகிறார்கள், நிழல் தெரிவதற்காக. இந்த இரண்டுக்கும் பட்டம் தேவையில்லை. கையும் கண்ணும் போதும்.

2025 பெப்ரவரி 9

நேற்று எழுதியதை நமது கடலுக்குக் கொண்டுவராமல் விட முடியவில்லை.

இங்கே திமிங்கிலம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகும் படகுகள் செய்வதைப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது. மார்ச், ஏப்ரலில் நீலத்திமிங்கிலம் கோணேசர் மலையிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற ஊர் இது. அவ்வளவு கிட்டக் கடல் அவ்வளவு ஆழம். ஒன்று ஊதியது தெரிந்தவுடன் நாலைந்து படகு விசையை முழுக்கத் திறந்து அதன் முன்னால் போய் மறிக்கிறது. கடல் பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கு 2012 இல் ஒழுங்குவிதி வந்தது, 100 மீற்றருக்குள் போகக் கூடாது. படகுக்காரரைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. "இன்னும் கிட்டப் போங்கள்" என்று கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு கத்துபவர் டிக்கெட் எடுத்த பயணி. ஏறும் முன்பே "தூரத்தில் நிறுத்தினால் எங்களுக்குப் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டுபவரின் முகத்தில் வரும் ஆறுதலை நான் கண்டிருக்கிறேன், பெற்றோல் மிச்சம் அவருக்குத்தான்.

கடற்பசு பார்க்க ஒருநாள் மன்னார்ப் பக்கம் படகு விடத் தொடங்குவார்கள். அப்போதும் இதையே சொல்ல வேண்டும்.

2025 பெப்ரவரி 16

மன்னாரிலிருந்து இன்றுதான் திரும்பினேன். மனைவியின் சித்தப்பா அங்கே நெடுங்காலம் திருக்கை வலை போட்டவர். இங்கே இதுவரை எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கள் வலைக்குள் வந்ததை நீங்கள் யாரும் பார்க்கவில்லையே" என்றார். பிறகு சொன்னார்.

திருக்கை வலை அடியில் கிடக்கும், கண் பெரிது, நூல் தடிப்பு. மாலையில் போட்டுவிட்டு விடிய இழுப்பார்கள். கடற்பசு இரவில் புல் மேய வந்து முட்டினால், அதற்குச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும், வலை விடாது. பெரும்பாலும் விடியும்போது செத்துத்தான் கிடக்கும். ஒருநாள் இவர்கள் இழுத்த நேரத்தில்தான் ஒன்று சிக்கியிருக்கிறது. வலை கனத்ததும் கல்லில் மாட்டிவிட்டது என்று நினைத்தார்களாம். சாம்பல் முதுகு ஒன்று கிளம்பியது. பிறகு முகம்: கீழ்நோக்கி மடிந்த தடித்த மேலுதடு, அதில் முள்முள்ளாக மயிர், உச்சியில் இரண்டு மூக்குத் துளை. அந்தத் துளைகளுக்கு மூடி இருக்கிறது, திறந்து புஸ்ஸென்று காற்றை விட்டு உடனே மூடிக்கொள்ளும். நூல் ஒரு துடுப்புக்கையின் அடியில் இறுகித் தோலுக்குள் இறங்கியிருந்தது. குட்டி வெளியே சுற்றிச் சுற்றி வந்தது.

படகில் மூன்று பேர். இளையவன் கத்தியை எடுத்துவிட்டான், எதற்கு என்று யாரும் கேட்கத் தேவையில்லை. சித்தப்பா கத்தியை வாங்கி வலையை அறுத்தார். முதலில் தலைப்பக்கம், மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்கும்படி. பிறகு துடுப்புக்கை. படகில் ஏற்றவில்லை, வாலைப் பிடித்து இழுக்கவில்லை. தாயும் குட்டியும் போயின.

"அதன்பிறகு?" என்று கேட்டேன். கரையிலுள்ள மீன்வாடிக்குத் திரும்பியதும் வசவு விழுந்ததாம். அன்று மீன் இல்லை. வலையின் நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. வலை கடனுக்கு எடுத்தது. "நல்லது செய்தாய் என்று சொல்லவும் ஆளில்லை, ஒரு கட்டு நூல் வாங்கித் தரவும் ஆளில்லை. என் கூட்டாளி அடுத்த மாதமே வேறு படகுக்குப் போய்விட்டான்."

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். கடற்பசு பிழைக்குமா என்பது அந்தப் படகில், அந்தச் சில நிமிடத்தில், கடனாளியான ஒரு மனிதர் எடுக்கும் முடிவு. கரையில் இருக்கும் நாம் அத்தனை பேரும் செய்யக்கூடிய பெரிய காரியம், அந்த முடிவு அவரைத் தனியாகத் தெருவில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது.

2025 பெப்ரவரி 17

"உடனே பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்பதை விட்டுவிட்டீர்களே" என்கிறார் ஒருவர். கடற்பசு இறைச்சி விற்பதைக் கண்டால் சொல்லத்தான் வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும், கடலில் என்றால் கடற்படைக்கும். இடம், நேரம், படகு இலக்கம் மூன்றும் போதும், நீங்களே போய் மறிக்க வேண்டாம்.

ஆனால் தற்செயலாகச் சிக்கிச் செத்ததற்கும் விற்பதற்காகக் கொன்றதற்கும் வித்தியாசம் காட்டாமல் கத்தினால், சிக்கியதைக் கல்லைக் கட்டி அமிழ்த்திவிடுவார்கள். பிறகு எங்கே, எந்த வலையில், எத்தனை செத்தன என்பது ஆய்வாளர்களுக்கு எட்டவே எட்டாது. செத்த உடல் ஒன்று கரை ஒதுங்கினால்கூட அதில் அறிய எவ்வளவோ இருக்கிறது: வயது, வயிற்றில் என்ன புல், எதனால் சாவு. ஆகவே மீனவர் பயப்படாமல் வந்து சொல்லக்கூடிய ஒருவராவது ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். சங்கத் தலைவரோ, மௌலவியோ, பங்குத்தந்தையோ, ஆசிரியரோ, யாராக இருந்தாலும் சரி.

2025 பெப்ரவரி 23

சமையலறையில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று.

எங்கள் வீட்டில் பாரை வாங்கினால் அம்மாதான் வெட்டுவார். ஒருநாள் வயிற்றைக் கீறியவுடன் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். செதிலில் ஒரு கீறல் இல்லை, கண் மட்டும் இரத்தம் கட்டியிருந்தது. உள்ளே முதுகெலும்பை ஒட்டி நீளத்துக்கு உறைந்த இரத்தம். எலும்பை நெம்பினால் நடுவில் உடைந்து தனியாக ஆடியது, சதை எலும்பை விட்டுக் கழன்று வந்தது. வலையில் செத்த மீன் இப்படி இருக்காது. இது வெடி போட்டுப் பிடித்தது. அம்மா அதை அப்படியே பையில் போட்டுச் சந்தைக்குத் திருப்பி அனுப்பினார், அந்த வியாபாரியிடம் பிறகு வாங்கவில்லை.

வெடி போடுவது இந்த மாவட்டத்துக்குப் பழைய நோய். குண்டின் அதிர்ச்சி மீனோடு நிற்பதில்லை. பவளப்பாறை உடைகிறது, கடற்புல் பிய்கிறது, நுரையீரலும் காதும் உள்ள டொல்பினுக்கும் கடற்பசுவுக்கும் உள்ளுறுப்பு கிழிகிறது. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா, அதற்குக் கூப்பிடு தூரத்தில் வெடிச்சத்தம் கேட்ட நாள்கள் உண்டு. பத்து வீட்டுப் பெண்கள் ஒரே வாரத்தில் மீனைத் திருப்பிக் கொடுத்தால் சந்தையில் அந்தப் பேச்சு மாலைக்குள் பரவிவிடும்.

2025 பெப்ரவரி 24

அந்த வியாபாரி மீனைத் திருப்பி எடுத்தாரா என்று கேட்டவருக்கு: ஆம், திருப்பி எடுத்தார். காசும் கொடுத்தார்.

2025 மார்ச் 2

மனாட்டியைக் கொல்வது படகும் பட்டினியும் என்று தொடங்கிவிட்டு, பட்டினியைப் பற்றிச் சொல்லாமல் எங்கோ போய்விட்டேன்.

2021 இல் புளோரிடாவில் சுமார் 1,100 மனாட்டிகள் செத்தன. அதுவரை ஓர் ஆண்டில் அத்தனை செத்ததில்லை. பெரும்பங்கு கிழக்குக் கரையிலிருக்கும் இந்தியன் ரிவர் லகூன் என்ற களப்புப் பக்கம், புல் இல்லாமல். புல் ஏன் போயிற்று? சுற்றியுள்ள வீடுகளின் மலக்குழிக் கசிவும், புல்தரைக்குப் போட்ட உரமும், வடிகால் நீரும் பல ஆண்டுகளாகக் களப்புக்குள் இறங்கின. 2011 இல் பாசி பெருகித் தண்ணீர் கலங்கியது, வெளிச்சம் கீழே போகவில்லை, புல் செத்தது. அதன்பிறகும் பாசி திரும்பத் திரும்ப வந்தது. 2021 முடிந்து 2022 பிறந்த குளிர்காலத்தில் அரசாங்க அலுவலர்கள் 90 தொன்னுக்கு மேல் லெட்டூஸ் கீரையை மனாட்டிகளுக்குப் போட்டார்கள். அது அவசரச் சிகிச்சை. பொதுமக்கள் தாங்களாகத் தீனி போடுவதும், படகுத்துறையில் குழாய்த் தண்ணீர் காட்டுவதும் அங்கே சட்டவிரோதம். அப்படிப் பழகிய விலங்கு படகைத் தேடி வந்து அடிபடும். அன்பு காட்ட நினைப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். நான் அந்தச் சட்டத்தின் பக்கம்.

அங்கே சாதாரண மக்கள் உண்மையில் சாதித்தது எது என்று கேட்டால் இதைச் சொல்வேன்: மழைக்கால மாதங்களில் புல்தரைக்கு உரம் போடக்கூடாது என்று தங்கள் உள்ளூராட்சி மன்றங்களைச் சட்டம் போட வைத்தார்கள். மனாட்டியைத் தொடவே இல்லை, பார்க்கக்கூட இல்லை.

நமக்கு வருகிறேன். 335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. வழியெல்லாம் வயலும் ஊரும். கிண்ணியாப் பக்கம் ஆழமில்லாத இடத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு குப்புற மிதந்து பார்த்திருக்கிறேன். நல்ல இடத்தில் புல் பச்சைப் பசேல் என்று நிற்கும், அடியில் இறால் குஞ்சு துள்ளும், ஓரா மீன் கூட்டமாகக் கொறித்துக்கொண்டு போகும். கலங்கிய இடத்தில் அதே புல்லின் இதழ் மேல் மாவு தூவியமாதிரி சேறு படிந்திருக்கும். விரலால் வழித்தால் கீழே பழுப்பு. கையில் எடுத்தவுடன் முறிந்துவிட்டது.

இங்கே கடற்பசு மேயவில்லை என்பது உண்மை. அந்தப் புல்லில் நமது இறாலும் ஓராவும் வளர்கின்றன என்பதும் உண்மை. ஒரே புல்.

2025 மார்ச் 3

மூதூரிலிருந்து ஒரு விவசாயி கோபமாக எழுதியிருக்கிறார்: உரத் தட்டுப்பாட்டில் 2021 இல் அவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, உரத்தைப் பற்றிப் பேச எஞ்சின் கடைக்காரருக்கு என்ன தகுதி என்று. கோபம் நியாயம். அரசாங்கம் உரத்தை ஒரே இரவில் நிறுத்தியதன் விளைவை இந்த மாவட்டம் வயிற்றில் அனுபவித்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. மழை இறங்கப்போகிறது என்று தெரிந்த நாளில் எறிய வேண்டாம், வாய்க்கால் ஓரத்தில் புல்லையும் பற்றையையும் வழித்தெடுக்காமல் ஓரடி விட்டுவையுங்கள் என்பதுதான். எறிந்த உரம் கடலுக்குப் போனால் நட்டம் முதலில் அவருக்குத்தான்.

வயல்காரரிடம் மட்டும் கேட்பது முறையுமல்ல. நகரத்தில் இருக்கிற நாம் மலக்குழியை வடிகாலில் திறந்துவிடாமல் இருக்க வேண்டும். என் தொழிலில் இருப்பவர்கள் கழிவு எண்ணெயைக் கரையில் ஊற்றக் கூடாது. என் பட்டறையில் பீப்பாயில் சேர்த்து, எடுப்பவர்களிடம் கொடுக்கிறேன். மற்றப் பட்டறைகளிலும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

2025 மார்ச் 15

"இருநூறு முன்னூறு விலங்குக்காக இவ்வளவு பேச்சா, அழிவது இயற்கைதானே" என்று கேட்பவருக்கு.

இதே குடும்பத்தில் ஐந்தாவது ஒன்று இருந்தது. பேரிங் கடலின் குளிரில் வாழ்ந்த ஸ்டெல்லர் கடற்பசு. யானையை விடப் பெரிது, சாதுவானது. 1741 இல் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய ஜோர்ஜ் ஸ்டெல்லர் அதை எழுதிவைத்தார். உரோம வேட்டைக்குப் போன கப்பல்கள் இறைச்சிக்காக அடித்தன. 1768 இல் கடைசி விலங்கும் முடிந்தது. 27 ஆண்டு. சீனக் கடலில் நமது கடற்பசு இனி இல்லை என்றே கொள்ள வேண்டும் என்று 2022 இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இதில் எதையும் இயற்கை செய்யவில்லை.

எழுபது ஆண்டு வாழக்கூடிய விலங்கு, வயிற்றில் ஓராண்டுக்கு மேல் சுமக்கிறது, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. வளர்ந்த பெண் விலங்கு ஒன்றை வலையில் இழந்தால் அந்த இடம் நிரம்ப எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2025 மார்ச் 16

கடலுக்கு அந்தப் பக்கத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2022 செப்டெம்பரில் பாக்கு நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, வலையில் சிக்கியதை உயிரோடு விட்ட மீனவர்களை மேடையில் ஏற்றிப் பரிசு கொடுப்பதும், மீனவர் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி கொடுப்பதும். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை.

ஆகவே நாமும் செய்யலாமா என்று கேட்கிறேன். மன்னார், கற்பிட்டிப் பக்கம் வலையை அறுத்துக் கடற்பசுவை விட்டவர் ஒருவருக்கு, வலையின் நட்டத்தைத் திருகோணமலையிலிருந்து நாலு பேர் சேர்ந்து ஈடு செய்தால் என்ன?

2025 மார்ச் 22

எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர் எழுதினார்கள். கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியை கேட்ட கேள்விதான் கூர்மையானது: "அறுந்த திருக்கை வலைக்குப் பதில் இன்னொரு திருக்கை வலை வாங்கிக் கொடுத்தால், அடுத்த கடற்பசுவுக்கும் நாமே வலை விரித்ததாக ஆகாதா?"

சரியான கேள்வி. பதில் என்னிடம் இருக்கவில்லை, சித்தப்பாவிடம் கேட்டேன்.

2025 ஏப்ரல் 6

சித்தப்பா சங்கத்தில் பேசிவிட்டுச் சொன்னார். பணமாகத் தர வேண்டாம், அது கடன்காரர் கைக்குப் போகும். திருக்கை வலையாகவும் வேண்டாம். புல் உள்ள இடத்தில் மீன் பிடிக்கும் கூடு வைக்க அவர்கள் தயார், கூட்டில் கடற்பசு சிக்காது. கூடு கட்டுவது அவர்களுக்குத் தெரியும், கம்பியும் தடியும் வாங்கிக் கொடுத்தால் போதும். தூண்டில் கயிறு கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: விட்டதாகச் சொல்பவரின் பேச்சைக் கூடப்போனவர்களும் சங்கமும் உறுதிசெய்ய வேண்டும், நாங்கள் இங்கிருந்து விசாரணை செய்யக் கூடாது.

ஒப்புக்கொண்டேன். நகரக் கடைகளில் கம்பிச்சுருளின் விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன். மொத்தமாக எடுத்தால் குறைத்துத் தருபவர் யாரையாவது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள். மன்னார் பஸ்ஸில் சுருளை ஏற்றிவிடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.